ஜி6பிடி நொதி: ஈ.கோலையா, மனித செல்லா?

ராயபுரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு மனித ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) நொதி தேவைப்பட்டது. இந்த நொதி குறைந்தவர்கள் ப்ரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரையைச் சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். அதனால்தான் இதன் மேல் எங்களுக்கு அக்கறை. கையில் இரண்டு வழி: ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, ஹெச்இகே293 என்ற மனித செல்லில் தயாரித்தது.

மனித செல் என்றதும் மனசு அந்தப் பக்கம்தான் சாயும். புரதம் உருவான பின் அதன் மேல் சில வேதி மாற்றங்களை மனித செல் செய்யும். ஆனால் இந்தப் புரதத்துக்கு அந்தக் கைவேலை தேவையா? 515 அமினோ அமிலங்கள், செல்லுக்குள் இருக்கும் சைட்டோசால் என்ற திரவத்தில் வேலை, ஈ.கோலையே ஒழுங்காக மடித்துத் தந்துவிடுகிறது. ஹிஸ் டேக் (புரதத்தின் முனையில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) இருந்தால், அது நிக்கலைப் பிடித்துக்கொள்வதால், நிக்கல் நிரப்பிய பிரிப்புக் குழாயில் பிரித்துவிடலாம், செலவும் குறைவு. புரதத்தின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதி ஏறுவது போன்ற மாற்றங்களை ஆராய்பவர் மட்டும் மனித செல் வகைக்குப் போகலாம்.

எதை வாங்கினாலும் தூய்மையை மட்டும் நம்பாதீர்கள். இந்த நொதி வேலை செய்தால் என்ஏடிபி என்ற துணைப்பொருள் என்ஏடிபிஹெச் ஆக மாறும்; 340 நானோமீட்டர் ஒளியில் அளந்து, என்ஏடிபிஹெச் அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டி, பார்சல் சாயங்காலம்தான் வந்தது. தெர்மோகோல் பெட்டிக்குள் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை, குழாய் வியர்த்திருந்தது. சோதித்தபோது வரைபடத்தில் என்ஏடிபிஹெச் கோடு எழவே இல்லை. அதிலிருந்து காலையிலேயே வரச்சொல்லி, வந்ததும் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். கொஞ்சம் என்ஏடிபியும் சேர்ப்போம். அதுதான் இந்த நொதியின் கட்டமைப்பைக் குலையாமல் பிடித்து வைக்கிறது.