உப்புக்காற்றுக்கு எந்தச் சுருள்? போனெல், பாக்கெட் மெத்தைகள் ஓர் ஒப்பீடு

இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ மெத்தைக் கடையில் ஸ்பிரிங் மெத்தை கேட்டால், விலை குறைந்த போனெல், விலை கூடிய பாக்கெட் என்று இரண்டு வகைகளைக் காட்டுவார்கள். எது சொகுசு என்பதைக் கடையிலேயே படுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஐந்தாறு ஆண்டுகள் கடற்காற்றில் கிடந்த பிறகு எது தாங்கும் என்பது, உள்ளே கம்பி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் விளங்கும். நம் கரையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

போனெல் சுருள் உடுக்கையைப் போல இடை சிறுத்து, மேலும் கீழும் விரிந்திருக்கும். ஒரு வரிசைச் சுருள்களை அடுத்த வரிசையோடு நீளமான திருகுக் கம்பி ஒன்று கோத்துக் கட்டுவதால், மெத்தை முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவரும் அசைவார். பாக்கெட் வகையில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருக்கிறது. பைகள்தாம் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கின்றன, கம்பிகள் தொடுவதில்லை. ஆகவே எடை விழுந்த இடம் மட்டும் அமுங்கும். எடையில் பெரிதும் வேறுபடும் கணவன் மனைவிக்கும், கைக்குழந்தையோடு படுக்கும் தாய்க்கும் பாக்கெட்டே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

விற்பனையில் அதிகம் சொல்லப்படுவது சுருள்களின் எண்ணிக்கை. அது அளவைப் பொறுத்தது. 72க்கு 60 அங்குல மெத்தையில் மூன்று அங்குலத்துக்கு ஒரு சுருள் வைத்தால் 480 அடங்கும். இரண்டரை அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் 672 அடங்கும். எனவே ஒரே அளவுள்ள மெத்தைகளின் எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். அதைவிட முக்கியமானது கம்பியின் தடிமன். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்: 13 கேஜ் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர், 15 கேஜ் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர். சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கை (விட்டத்தை நான்கு முறை எடுத்துப் பெருக்கியதை) பொறுத்தது என்பதால், மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தாலும் 1.8 மில்லிமீட்டர்க் கம்பியின் விறைப்பு 2.3 மில்லிமீட்டர்க் கம்பியின் விறைப்பில் பாதிகூட இராது.

பாக்கெட்டின் மெல்லிய கம்பியைத் துரு விரைவில் தின்றுவிடும், ஆகவே கடலோரத்துக்குத் தடித்த கம்பியுள்ள போனெல்தான் ஏற்றது என்று சொல்பவர்கள் உண்டு. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு சிறியது. விட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் அரிக்கப்பட்டால் மெல்லிய கம்பி இழப்பது ஏறத்தாழ 20 விழுக்காடு விறைப்பு, தடித்தது இழப்பது ஏறத்தாழ 16 விழுக்காடு. துரு எங்கே தொடங்குகிறது என்பதே உண்மையான வேறுபாடு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் தானே நீரை இழுத்துக் கரைகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னதாகவே ஈரமாகிவிடும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை ஓயாமல் அரித்துவந்த அதே உப்புதான் நம் படுக்கையறைக்குள்ளும் வருகிறது. போனெல்லில் திருகுக் கம்பியும் சுருளும் உரசும் ஒவ்வொரு கட்டுமிடத்திலும் மேற்பூச்சு தேய்ந்து, அங்கே உப்பீரம் தங்குகிறது. மண்டபத்தில் என் சித்தப்பா வீட்டுப் பழைய போனெல் மெத்தையின் துணியைப் பிரித்தபோது, சுருள்களின் நடுப்பகுதி ஓரளவு நன்றாகவே இருந்தது. கட்டுகள்தாம் செம்பழுப்பாகி, தொட்டாலே பொடி உதிர்ந்தது. சித்தி இரண்டாண்டாகச் சொல்லிவந்த கிறீச்சென்ற சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

பாக்கெட்டில் அந்த உரசல் இல்லை. ஆனால் துணிப்பைகளும் அவற்றின் மேலுள்ள தடித்த ஃபோமும் காற்றோட்டத்தைக் குறைக்கின்றன. போனெல்லில் உள்வெளி திறந்திருப்பதால் உள்ளே போன ஈரம் எளிதில் வெளியேறும். இதை அதன் பெருமையாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே பாக்கெட் மெத்தையை மூடிய ப்ளைவுட் பலகையின் மேல் போடுவதைவிட, சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்ட கட்டிலில் போடுவதே சரி. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போடாமலும் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு நாலைந்து முறை விருந்தினர் படுக்கும் அறைக்குப் போனெல் போதும். அங்கே கூடுதல் விலை கொடுப்பது வீண். அலை கண்ணெதிரே தெரியும் வீடானால், உலோகமே இல்லாத ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தையையும் பார்க்கலாம். அது கட்டியாகத்தான் இருக்கும், நாளடைவில் உடல் படும் இடம் குழியும், ஆனால் துருவுக்கு அங்கே வேலையில்லை. அன்றாடம் படுக்கும் அறைக்கு என் தேர்வு பாக்கெட்தான், ஒரு நிபந்தனையோடு: கம்பியின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், அதன்மேல் துத்தநாகப் பூச்சு உண்டா என்ற இரண்டுக்கும் கடைக்காரர் விடை சொல்ல வேண்டும், குறுக்கே வெட்டிய மாதிரித் துண்டு இருந்தால் எடுத்துக் காட்டவும் வேண்டும். ஈரத்தால் வந்த சேதத்தை வாரண்டி ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அட்டையில் படித்துக்கொள்ளுங்கள்.