சிப்பிக்கு எந்த ஒயின்: முஸ்கதேயா, சான்செரா, ஷாப்லியா?

போன ஆண்டுக் கடைசி இரவு எங்கள் பாரிஸ் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. பிரான்சில் அன்றைக்குப் வேகவைக்காத சிப்பி இல்லாத மேசை குறைவு. ஆறு டஜன் சொல்லிவைத்தாயிற்று. கூடவே எதை ஊற்றுவது? இனிப்பில்லாத வெள்ளை ஒயின் என்பதில் பேச்சே இல்லை. முஸ்கதே, சான்செர், ஷாப்லி மூன்றிலும் ஒவ்வொரு புட்டி வாங்கி, ஒரு வாரம் முன்பே ஒரு டஜன் சிப்பியோடு நானும் மனைவியும் ருசி பார்த்தோம். விருந்துக்கு முஸ்கதே வாங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான்.

விலை தெரிந்த கதை. நல்ல முஸ்கதே 10 யூரோவுக்குள் கிடைத்துவிடும். மற்ற இரண்டும் பெரும்பாலும் அதைப்போல் இரு மடங்கு. ஆனால் மூன்றும் ஒரே விலையாக இருந்தாலும் சிப்பிக்கு நான் முஸ்கதேயைத்தான் எடுத்திருப்பேன். காரணம் உப்பு.

சிப்பியின் ருசியில் பாதி, ஓட்டுக்குள் நிற்கும் அந்தக் கடல்நீர். சான்செர் சொவிஞோன் பிளான் திராட்சையில் செய்வது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போதே எலுமிச்சைத் தோலும் பச்சிலையும் மணக்கும். தனியாகக் குடித்தால் மூன்றில் அதுவே அழகு. சிப்பிக்குப் பின் குடித்தபோதோ, அந்த மணம் வாயை நிறைத்துக் கடலை மறைத்துவிட்டது.

முஸ்கதேயின் திராட்சைக்குப் பெயர் மெலோன் த பூர்கோன். பெயரில் கிழக்குப் பிரான்சின் பூர்கோன் பகுதி இருந்தாலும் அதன் வீடு இப்போது லுவார் ஆறு கடலை நெருங்கும் நாந்த் நகரத்துப் பக்கம். 1709இன் கொடுங்குளிரில் அங்கே கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் இதைப் பரவலாக நட்டார்கள். மணம் குறைந்த திராட்சைதான். சிப்பிக்கு அதுவே வசதி: எலுமிச்சை பிழிந்ததுபோல் புளிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, உப்பு நாக்கில் நிற்கிறது. (பெயரைப் பார்த்து இனிப்பான மஸ்கட் ஒயின் என்று எண்ணிவிட வேண்டாம். இது வேறு.)

மணமும் குறைவு என்றால் வெறும் புளித்தண்ணீராகிவிடாதா? அதற்குத்தான் மண்டி. நொதித்து முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட் மண்டியை நீக்காமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே கிடக்க விடுகிறார்கள். இதற்கு 'சுர் லீ' என்று பெயர். அறுவடைக்கு அடுத்த மார்ச்சுக்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது. செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து ஒயினுக்குக் கொஞ்சம் கனமும், ரொட்டி மாவு போன்ற லேசான மணமும் தருகிறது. வேறு தொட்டிக்கு மாற்றாததால் சிறிது கரியமில வாயுவும் தங்கி, நாக்கில் சுருக்கென்கிறது. சிப்பியின் வழவழப்பைத் துடைப்பது அந்தச் சுருக்குதான். 'சுர் லீ' எழுதாத புட்டி ஒன்றை முன்பு வாங்கியிருக்கிறேன். மெலிந்துபோய் இருந்தது, இரண்டாவது கிளாஸுக்குக் கை போகவில்லை. எனவே லேபிளை அவசியம் பாருங்கள்.

ஷாப்லி முஸ்கதேக்கு அருகிலேயே வந்தது. ஷர்தொனே திராட்சை, பூர்கோனின் வடக்குக் குளிர், அதனால் நல்ல புளிப்பு. அங்குள்ள மண்ணில் பழங்காலச் சிப்பி ஓடுகள் இருப்பதால்தான் சிப்பிக்குப் பொருந்துகிறது என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. புளிப்பே போதுமான காரணம். கிரீம் சேர்த்த மீனுக்கு ஷாப்லியையே எடுப்பேன். கிரான் க்ரூ எனும் உச்சத் தர ஷாப்லி ஒரே ஒரு முறைதான் குடித்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

சீஸ் வந்தபோது மட்டும் முஸ்கதே தோற்றது. ஷவிஞோல் ஆட்டுப்பால் சீஸ், சான்செர் விளையும் அதே குன்றுகளின் சரக்கு. அதன் காரசாரமான புளிப்புக்குச் சான்செரின் மணம் ஈடுகொடுக்கிறது, முஸ்கதே அடங்கிப்போகிறது. அந்த நேரத்துக்கென்று ஒரு புட்டி சான்செர் எடுத்துவைத்திருந்தேன். நம் வீட்டு மிளகு இறாலோடு முஸ்கதே நன்றாகவே போயிற்று. ஆல்கஹால் 12 சதவீதம் அளவில் இருப்பதால் காரம் அதிகம் எரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அது ஒரு தட்டு அனுபவம்தான்.

மிச்சமிருந்த அரைப் புட்டி முஸ்கதேயில் மறுநாள் சின்ன வெங்காயமும் வெண்ணெயும் போட்டுக் கருஞ்சிப்பி வேகவைத்தோம். அடியில் நின்ற சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்கள் பிள்ளைகள்.