இடிதாங்கி வேலைக்கு எந்தக் காப்பீடு: பொதுப் பொறுப்பா, தொழில்முறைப் பொறுப்பா?

இடிதாங்கி அமைப்பவர்களும் வடிவமைப்பவர்களும் பாலிசி எடுக்கும்போது தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எதற்குப் பணம் கிடைக்கும்?

பொதுப் பொறுப்பு: கை வேலையில் நேரும் சேதத்துக்கு. கூரையில் செம்புப் பட்டையைப் பொருத்தும்போது டிரில் மெஷின் நழுவிக் கீழே நின்ற கார்மேல் விழுந்தால் இதுதான் கைகொடுக்கும். (உங்கள் ஆளே விழுந்தால் அதற்குத் தொழிலாளர் காப்பீடு தனி.)

தொழில்முறைப் பொறுப்பு: கணக்கில் நேரும் தவறுக்கு. ஐஇசி 62305 என்ற மின்னல் பாதுகாப்புத் தரநிலையில், கட்டடத்தின்மேல் ஒரு கற்பனைக் கோளத்தை உருட்டி, அது தொடும் இடங்களில் இடி விழலாம் என்று கணக்கிடுவார்கள். மிகக் கடுமையான முதல் நிலைப் பாதுகாப்புக்கு இந்த உருளும் கோளத்தின் ஆரம் 20 மீட்டர். நான்காம் நிலைக்கு 60. முதல் நிலை தேவைப்படும் கட்டடத்துக்கு 60 என்று வைத்து வரைந்துவிட்டால், எவ்வளவு கச்சிதமாகப் பொருத்தினாலும் கூரையின் சில பகுதிகள் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கும். பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பெரும்பாலும் இந்த மாதிரிப் பிழையை விலக்கிவிடும்.

எப்போது செல்லும்?

பொதுப் பொறுப்பு: பெரும்பாலும், சேதம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும்.

தொழில்முறைப் பொறுப்பு: வழக்கமாக, இழப்பீடு கேட்டு வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். இடி நம் வசதி பார்த்து விழாது. வரைந்து ஏழெட்டு வருஷம் கழித்தும் விழலாம். தொழிலை விட்ட பிறகும் நீட்டிப்பு வாங்கி வைப்பது அதனால்தான்.

பிரீமியம் இரண்டிலுமே வருமானத்தையும் பழைய கோரிக்கைகளையும் பொறுத்தது. உயரத்தில் வேலை என்றால் முதலாவது ஏறும்.

அடுத்தவர் வரைபடத்தை அப்படியே பொருத்துபவருக்கு முதலாவது போதும், முடித்த வேலைக்கான பாதுகாப்பும் (ஒப்படைத்த பிறகு அந்த வேலையால் நேரும் சேதத்துக்கு) அதில் இருந்தால். வரைபவருக்கு இரண்டாவது. "இடைஞ்சலா இருந்துச்சு, கீழிறங்கு கம்பியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்" என்பவர், என் கணக்கில், வடிவமைப்பாளரும்தான். அவருக்கு இரண்டும் வேண்டும்.