ஏழு வருடத் தோட்டமும் ஒரு சேமிப்பு அலமாரியும்

வீட்டுத் தோட்டம் ஆரம்பித்து ஏழு வருடம் முடிந்துவிட்டது. வீட்டை ஒட்டி சுமார் 20 சதுர மீட்டர் மண், கூடவே பதினைந்து தொட்டிகள், சாப்பிட இரண்டு பேர். கடையை எதிர்பார்க்காமல் முடிந்தவரை நாமே விளைவித்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசைதான் ஆரம்பம். எது நிலைத்தது, எதை விட்டுவிட்டேன், வாங்கிய சாமான்களில் எது உழைத்தது என்று சொல்ல நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் விட முதலில் சொல்ல வேண்டியது, நான் இந்த வேலையைத் தப்பான முனையிலிருந்து ஆரம்பித்தேன் என்பதைத்தான்.

முதல் வருடம் 12 தக்காளிச் செடிகளை ஒரே நாளில் நட்டேன். நன்றாகவே வந்தன. மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய 40 கிலோ பழுத்தது. சாப்பிட்டோம், அக்கம்பக்கம் கொடுத்தோம், மிச்சம் அழுகி மக்குக் குழிக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துக் கடையில் தக்காளி வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. விளைவிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன், வைத்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வருடத்திலிருந்து முதலில் அலமாரியைப் பார்க்கிறேன். எந்தப் பொருள் எத்தனை மாதம் நிற்கும், எங்கே வைப்பேன், வாரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று எழுதிய பிறகுதான் விதையை எடுப்பது.

தன்னிறைவு என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் வருடத்துக்கு 7,30,000. உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 77 கலோரி. அதை மட்டுமே தின்று உயிர் வாழ்வதானாலும் ஒருவருக்கு 950 கிலோ வேண்டும். சதுர மீட்டருக்கு மூன்று கிலோ கிடைத்தால்கூட 300 சதுர மீட்டருக்கு மேல் நிலம் தேவை. என்னிடம் இருப்பது 20. தக்காளியில் 100 கிராமுக்கு 18 கலோரிதான், கீரை வகைகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். இந்தக் கணக்கு என்னைச் சோர்வடையச் செய்யவில்லை, தெளிவுதான் தந்தது. தானியமும் எண்ணெயும் வெளியிலிருந்துதான் வரும். அவற்றை மொத்தமாக வாங்கிச் சரியாகச் சேமிப்பது என் வேலை. காய், கீரை, மிளகாய், பூண்டு, கொஞ்சம் பயறு இவற்றைத் தோட்டம் தரும். இப்படிப் பிரித்துக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் காய்க்குக் கடைக்குப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மக்கு உரம் போட்டுக்கொண்டே இருந்தால் மண் மாறுகிறது, அவ்வளவுதான். சமையல் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலையும் அட்டைப்பெட்டியும் அதற்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும். சமையல் கழிவை மட்டும் கொட்டினால் நாறும். தண்ணீரில் மட்டும் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாம் வருடம் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. நோய் என்று நினைத்து என்னென்னவோ தெளித்தேன். காய்க்குப் போய்ச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து போகாததால் வருவது அது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், ஆனால் தண்ணீர் ஒரு நாள் கொட்டி மூன்று நாள் காய விட்டால் செடியால் அதை இழுத்துக் காய்க்குக் கொடுக்க முடியாது. மண்ணின் மேல் வைக்கோல் மூடாக்குப் போட்டு, சீராகத் தண்ணீர் விட்டதும் அடுத்த காய்ப்பிலேயே சரியாகிவிட்டது.

இனி சேமிப்பு. எந்தக் கருவியும் இல்லாமல் நிற்பவற்றிலிருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். வெங்காயம், பூண்டு, பூசணி, உருளை. நால்வருக்கும் நான்கு குணம். வெங்காயத்தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று வாரம் போட்டு, கழுத்துப் பகுதி காகிதம் மாதிரி காய்ந்ததும்தான் எடுத்து வைக்க வேண்டும். கழுத்தில் ஈரம் இருந்தால் அங்கிருந்துதான் அழுகல் இறங்கும். பூசணியைக் காம்போடு அறுக்க வேண்டும், நான்கைந்து சென்டிமீட்டராவது விட்டு. காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது உடைந்தால் அந்தப் பழத்தை முதலில் சமைத்துவிடுவேன். பத்து நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துத் தோல் இறுகிய பூசணி எங்கள் வீட்டில் ஐந்து மாதம் வரை நின்றிருக்கிறது. உருளைக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையானால் அதில் சோலனைன் என்ற நச்சு கூடிவிட்டது என்று அர்த்தம். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் வைக்கவே வேண்டாம், இரண்டும் சீக்கிரம் கெடும்.

அடுத்து உலர்த்துதல். நான் அதிகம் செலவழித்ததும் அதிகம் பயனடைந்ததும் இதில்தான். முதலில் வாங்கியது வட்டமான தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் உலர்த்தி. விசிறி அடியில் இருக்கும். கீழ்த்தட்டு முறுமுறுவென்று காய்ந்திருக்கும்போது மேல்தட்டில் தண்ணீர் சொட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டு மாற்ற வேண்டும். ஒன்றரை வருடத்தில் அதைக் கொடுத்துவிட்டு, விசிறி பின்பக்கம் இருந்து தட்டுகளுக்கு நடுவே காற்று நேராக வீசும் பெட்டி மாதிரி வாங்கினேன். பல வருடமாக ஓடுகிறது. ஒருமுறை விசிறி மோட்டார் மட்டும் மாற்றினேன். உலர்த்தி வாங்குவதென்றால் விசிறி எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், மற்ற பட்டன்கள் எதுவும் முக்கியமில்லை.

கருவி நல்லதாக இருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை 70 டிகிரிக்கு மேல் வைத்தேன். தக்காளியின் மேல்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு வாரத்தில் ஜாடி முழுக்கப் பூஞ்சை. இப்போது காய்களுக்கு 55 டிகிரி செல்சியஸ் ஒட்டியே வைக்கிறேன், இரவு முழுக்க ஓடினாலும் சரி. காய்ந்ததும் நேராக மூடி வைப்பதும் இல்லை. கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குக் குறைவாகப் போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்ப்பேன். ஒரு துண்டில் ஈரம் கூடுதலாக இருந்தால் அது மற்றவற்றுக்குப் பரவிச் சமமாகும். கண்ணாடியில் நீர்த்துளி தெரிந்தால் திரும்பவும் உலர்த்திக்குப் போகும். 10 கிலோ தக்காளி காய்ந்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும், ஏனென்றால் அதில் 94 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு மூட்டையை இரண்டு ஜாடிக்குள் அடக்கிவிட முடிகிறது என்பது சின்ன வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம்.

உப்பில் புளிக்க வைப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. மின்சாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஒரு கிலோ முட்டைக்கோஸுக்கு 20 கிராம் உப்பு, அதாவது எடையில் 2 சதவீதம். மெல்லியதாக நறுக்கிப் பிசைந்தால் காயே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீருக்குள் காய் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், மேலே ஒரு கண்ணாடி எடையை வைத்து அழுத்திவிடுவேன். உப்பு கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கிற நேரத்தில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா பெருகி, புளிப்பேற்றிக் காயைக் காப்பாற்றிவிடுகிறது. கண்ணளவுக்கு உப்புப் போட்ட இரண்டு முறையும் ஒன்று வழவழப்பாகப் போனது, இன்னொன்று வாயில் வைக்க முடியாத கரிப்பு. எனவே ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். ஏழு வருடத்தில் நான் வாங்கியவற்றிலேயே குறைந்த விலைக்கு நிறைய உழைத்தது அதுதான்.

கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொதிக்க வைக்கும் முறைக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்கள் மற்றதை எல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது. இரண்டாம் வருடம் 14 ஜாடி பீன்ஸை அகலமான பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, மூடி இறுகியதைப் பார்த்துப் பெருமையோடு அடுக்கி வைத்தேன். அப்புறம்தான் பாட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய உணவு நச்சுப் பாதிப்பு பற்றிப் படித்தேன். அந்த நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரிக் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பும் இல்லாத ஜாடிக்குள் அவை முளைத்து நச்சைச் சுரக்கும். வாசனையிலோ நிறத்திலோ வித்தியாசம் தெரியாமலே இருக்கலாம். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் உள்ள (எண் கூடினால் புளிப்பு குறைவு) உணவுக்கு, அதாவது பீன்ஸ், கேரட், சோளம், இறைச்சி எல்லாவற்றுக்கும், 116 டிகிரிக்கு மேல் சூடேற்றும் பிரஷர் கேனர்தான் வேண்டும். சமையலுக்கு வைத்திருக்கும் சின்ன பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது, அது சூடாவதும் ஆறுவதும் வேகமாக நடந்துவிடும். 14 ஜாடிகளையும் திறக்காமலே அப்புறப்படுத்தினேன். அன்று மனசு மிகவும் வலித்தது. ஆனால் அதில் ஒன்றை யாருக்காவது கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பிரஷர் கேனர் நான் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டு பேருக்கான உணவு, அதற்கு உலர்த்தலும் புளிப்பும் போதும். ஜாடியில் அடைப்பது இப்போது பழ ஜாமும் தக்காளியும் மட்டும்தான். தக்காளி அந்த 4.6 எல்லையிலேயே நிற்பதால் ஒரு லிட்டர் ஜாடிக்கு, பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு 30 மி.லி. சேர்க்கிறேன். பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், பாட்டிலில் வருவது ஒரே அளவு. 1810-இல் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கிய நிக்கோலா அப்பேர் இந்த முறையைக் கண்டுபிடித்தபோது, உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பதற்கான காரணம் அவருக்கே தெரியாது. கிருமிகளால்தான் கெடுகிறது என்று விஞ்ஞானி லூயி பாஸ்டர் வந்து விளக்கியது பல பத்தாண்டுகள் கழித்து. நமக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் சோதித்து எழுதப்பட்ட நேரத்தையும் அளவையும் மாற்றுவது சரியில்லை. எண்ணெயில் ஊற வைத்த பூண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. அதை வெளியில் வைக்கவே கூடாது, குளிர்சாதனப் பெட்டியிலும் சில நாட்கள்தான்.

ஃப்ரீசர் வசதிதான். பீன்ஸை மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு ஐஸ் தண்ணீரில் ஆற வைத்து உறைய வைத்தால் நிறமும் ருசியும் நிற்கும். அந்த மூன்று நிமிடத்தைத் தவிர்த்தால் காயிலுள்ள நொதிகள் உறைநிலையிலும் மெதுவாக வேலை செய்து வைக்கோல் ருசியாக்கிவிடும். ஆனால் மின்சாரம் போனால்? நிறைந்திருக்கும் ஃப்ரீசர் திறக்காமல் வைத்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். என் சேமிப்பில் கால் பங்குக்கு மேல் அதில் வைப்பதில்லை.

பயறு விஷயத்தில் ஃப்ரீசர் வேறு ஒரு வகையில் கைகொடுத்தது. வீட்டில் விளைந்த பயறை நன்றாகக் காய வைத்து டப்பாவில் போட்டும் வண்டு வந்தது. மூடி சரியில்லை என்று நினைத்தேன். வண்டு செடியிலேயே, காயிலேயே முட்டை வைத்துவிடுகிறது, டப்பாவுக்குள் நாமேதான் கொண்டுபோகிறோம். சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் தெறிக்கிற அளவுக்குக் காய வைத்து, பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வைத்து எடுத்து, பை வெளியில் முழுக்கக் குளிர் விட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுகிறேன். மூன்று வருடமாக வண்டு இல்லை. மொத்தமாக வாங்கும் தானியத்துக்கும் இதே வழிதான். ஆக்ஸிஜன் உறிஞ்சி பாக்கெட்டுகளும் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் முழுக்கக் காய்ந்த பொருளுக்கு மட்டும். ஈரம் இருக்கிற பொருளில் காற்றை எடுத்தால் மேலே சொன்ன கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

விதை எடுக்கப் பழகியது நான்காம் வருடம். பீன்ஸும் தக்காளியும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, ஆரம்பத்துக்கு ஏற்றவை. வீரிய ஒட்டு ரக விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூசணிதான் என்னை ஏமாற்றியது. அருகருகே இரண்டு ரகம் வைத்திருந்தேன், தேனீக்கள் கலந்துவிட்டன. அடுத்த வருடம் சப்பென்று ஒரு பழம். இப்போது முந்தைய மாலையே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டி வைத்து, காலையில் கையால் மகரந்தம் சேர்த்துத் திரும்பக் கட்டிவிடுகிறேன். தானாக முளைத்த சுரை, பூசணி வகைகள் கசந்தால் துப்பிவிடுங்கள், அந்தக் கசப்பு நச்சு. விதைகளைக் காய வைத்துக் குளிர்ந்த இடத்தில் வைப்பேன். விதைக் கிடங்குகளில் ஒரு கணக்கு சொல்வார்கள்: ஈரம் 1 சதவீதம் குறைந்தாலோ வெப்பம் 5 டிகிரி குறைந்தாலோ விதையின் ஆயுள் இரட்டிக்கும். நான்காம் வருடத்துத் தக்காளி விதை இந்த வருடமும் முளைத்தது.

நேரம் எவ்வளவு ஆகிறது என்று கேட்பவர்களுக்கு: சாதாரண வாரத்தில் நான்கைந்து மணி நேரம். அறுவடைக் காலத்தில் இரண்டு வாரம் தூக்கமே குறையும். அதனால்தான் இப்போது ஒரே நாளில் நடுவதில்லை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கிறேன். கீரை விடாமல் வருகிறது, சேமிக்கவே தேவையில்லை.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு நோட்டு தொங்குகிறது. ஜாடி உள்ளே போனால் தேதி, வெளியே வந்தால் தேதி. புதியது பின்னால், பழையது முன்னால். போன வருடக் கணக்கில் காய்ந்த தக்காளி இரண்டு மாதம் முன்பே தீர்ந்திருக்கிறது, பயறு ஒன்றரை மாதம் பற்றவில்லை, உப்பில் போட்ட வெள்ளரி நான்கு ஜாடி அப்படியே இருக்கிறது. இந்த முறை வெள்ளரிக்கு ஒரு கொடி, பயறுக்கு இரண்டு பாத்தி கூடுதல். தக்காளி நாற்று நேற்றுத்தான் இரண்டாவது இலை விட்டது.