டிஸ்க் பிஎஸ்5-ஆ, டிஜிட்டல் பிஎஸ்5-ஆ: பத்தாயிரம் கூடக் கொடுத்தது எதற்கு

சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலில் மெலிந்த மாடலான பிஎஸ்5 ஸ்லிம் வாங்குவது என்று முடிவான பிறகு எனக்கு மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: டிஸ்க் டிரைவ் உள்ளதா, இல்லாத டிஜிட்டல் எடிஷனா. 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது முதலாவது 54,990 ரூபாய், இரண்டாவது 44,990. நான் டிஸ்க் எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். டிஜிட்டலில் கேம் மாற்ற எழுந்து போக வேண்டாம், டிஸ்க்கில் கீறல் விழுமே என்ற பயம் இல்லை, பிளேஸ்டேஷன் ஸ்டோரில் தள்ளுபடி வரும்போது பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே போகும். வேகத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது, டிஸ்க் போட்டாலும் கேம் கன்சோலுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் இன்ஸ்டால் ஆகித்தான் ஓடும். டிஸ்க் பக்கம் பார்த்தால், முடித்த கேமை விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், சென்னைக்காரர்கள் பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பழைய டிஸ்க் தேடலாம். பிஎஸ்5 வந்ததிலிருந்து சோனியின் பெரிய கேம்கள் 4,999 ரூபாய் என்று ஆகிவிட்ட நிலையில், நாலைந்து கேம் கைமாறினாலே டிரைவுக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும்.

ஆனால் என் முடிவு இந்தக் கணக்கில் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை ஓட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எனக்கு இது ஒன்றுதான் கேள்வி.

டிஜிட்டலாக வாங்கும்போது நமக்குக் கிடைப்பது கணக்கோடு கட்டிய ஓர் உரிமம். பிஎஸ்5 செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ் உள்ளே போனால் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' என்று ஒன்று இருக்கும். ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்5-இல்தான் அதை ஆன் செய்ய முடியும். ஆன் செய்த கன்சோலில் நெட் இல்லாமலே கேம் ஓடும், அந்தக் கன்சோலில் உள்ள மற்ற கணக்குக்காரர்களும் ஆடலாம். அதே கணக்கை வேறொரு பிஎஸ்5-இல் போட்டால், உரிமம் உண்டா என்று சோனியின் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். அண்ணன் தம்பியோ நண்பர்களோ இரண்டு கன்சோல் வைத்துக்கொண்டு ஒரே கேமைப் பகிர்ந்து ஆடுவது இந்த ஏற்பாட்டை வைத்துத்தான். நாங்களும் அப்படித்தான், ஆஃப்லைன் உரிமை தம்பியின் கன்சோலில் இருக்கிறது. எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்து சில நாள் பிராட்பேண்ட் இல்லாமல் போனது. அப்போது என் டிவியில் டிஜிட்டல் கேம்களின் படங்கள் மேல் வரிசையாகப் பூட்டு. 'ரீஸ்டோர் லைசன்ஸஸ்' என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் நெட் வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டதும் பூட்டு போய்விட்டது, பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்த டிஸ்க் அந்த நேரத்தில் யாரையும் எதையும் கேட்காமல் ஓடியது, அது மனதில் நின்றுவிட்டது.

ஹாட்ஸ்பாட்டும் உதவாத நாள் 2025 பிப்ரவரியில் வந்தது. உலகம் முழுக்க சோனியின் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரு நாள் படுத்துவிட்டது. இயக்கத்தில் கோளாறு என்பதோடு நிறுத்திக்கொண்ட சோனி, பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சேவையின் சந்தாதாரர்களுக்கு 5 நாள் கூட்டிக் கொடுத்தது. வீட்டில் நெட் நன்றாக இருந்தும் உரிமத்தைச் சரிபார்க்க எதிர்முனையில் ஆள் இல்லை. 2011-இல் ஹேக்கிங் நடந்தபோது இதே நெட்வொர்க் மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது, அதோடு ஒப்பிட்டால் ஒரு நாள் சின்னதுதான். ஆனால் 2011-இல் பெரும்பாலோர் கையில் டிஸ்க் இருந்தது.

2013-இல் நடந்ததை இப்போது பலர் மறந்தே போய்விட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது, டிஸ்க் வாங்கினாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் நெட்டில் வந்து தலைகாட்ட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் திட்டம். நெட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அவர்களுக்கென்று பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்று பதில் சொன்னார் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் டான் மேட்ரிக். ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இ3 என்ற கேம் கண்காட்சி மேடையில் சோனியின் ஜாக் ட்ரெட்டன், பிஎஸ்4-இல் பழைய டிஸ்க்குக்குத் தடையில்லை, நெட் சோதனையும் கிடையாது என்று சொன்னபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. விலையும் 499 டாலருக்கு எதிராக 399. ஒன்பதே நாளில், ஜூன் 19-இல், மைக்ரோசாஃப்ட் திட்டத்தைக் கைவிட்டது. அன்று டிஸ்க்குக்கு வேண்டாம் என்று விரட்டியதைத்தான் இன்று டிஜிட்டலில், சற்று மென்மையான வடிவத்தில், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்புறம் கடையை மூடும் பிரச்சினை. பிஎஸ்3, கையடக்கக் கன்சோல்களான பிஎஸ்பி, வீட்டா ஆகியவற்றின் ஸ்டோர்களை மூடப்போவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்தது, ஆட்டக்காரர்கள் சத்தம் போட்ட பிறகுதான் பிஎஸ்3-யும் வீட்டாவும் தப்பின. நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் ஸ்டோர்கள் 2023 மார்ச் 27-இல் மூடின. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29-இல். ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப டவுன்லோட் செய்ய இவற்றில் வழி விட்டிருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. எத்தனை வருஷத்துக்கு என்பது மட்டும் நம் கையில் இல்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்றால், கிடைப்பது உரிமம்தான் என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டுச் சொல்ல வைக்கும் அளவுக்கு இந்த விஷயம் மங்கலாக இருந்திருக்கிறது.

சரி, டிஸ்க் என்றால் எல்லாம் பத்திரமா? இல்லை. பிஎஸ்4-க்குள் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தீர்ந்து, நெட்வொர்க்கும் கிடைக்காமல் போனால் டிஸ்க் கேம்கூட ஓடாது என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள், டிராஃபிகளுக்கான (கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் பதக்கங்கள்) நேரக் கணக்குதான் காரணம். 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் அதைச் சரிசெய்தது. கார் பந்தய கேமான கிரான் டூரிஸ்மோ 7 இன்னொரு உதாரணம். 2022 மார்ச்சில் சர்வர் பராமரிப்பு ஒரு நாளுக்கு மேல் இழுத்தபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் தனியாக ஆடும் பகுதிகளில் பெரும்பாலானவற்றைக்கூடத் தொட முடியவில்லை. யூபிசாஃப்டின் தி க்ரூ இன்னும் மோசம், 2024-இல் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வெறும் தட்டாகிவிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கில் இருந்ததோ 85 எம்பி மட்டும்தான், மீதி எல்லாம் டவுன்லோட். இப்படிப்பட்ட டிஸ்க்கில் விற்கிற உரிமை மட்டும் மிஞ்சும், நெட் இல்லாமல் ஆடுகிற உரிமை இல்லை.

ஆக டிஸ்க் எடுப்பவர்கள் கேமுக்கு கேம் பார்த்து வாங்க வேண்டும். 'டஸ் இட் ப்ளே' என்ற குழுவினர் டிஸ்க்கை நெட் இல்லாமல் போட்டுப் பார்த்து, முழுதாக ஓடுகிறதா என்று சொல்கிறார்கள். புது கேம் வாங்குமுன் அங்கே ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம்.

எக்ஸ்பாக்ஸ் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் இப்போதைய கன்சோலான சீரிஸ் எக்ஸை நண்பன் வீட்டில் ஆடியதோடு சரி. அங்கே 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' என்பது இதே ஏற்பாடு, வருஷத்துக்கு 5 முறைதான் மாற்றலாம். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க் போட்டால் முன்பு நெட்டில் ஒரு சோதனை நடக்கும், 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். விலை குறைவான சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது, சந்தா கட்டி ஆடும் கேம் பாஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரிதான். டிஸ்க்குக்குப் பதில் கார்டில் கேம் வரும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்-கீ கார்டுகளில் கேம் இருக்காது, சாவி மட்டும்தான். டவுன்லோடும் வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். விற்கலாம் என்பது ஒன்றே ஆறுதல். சைபர்பங்க் 2077 போல முழு கேமையும் கார்டிலேயே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், காசு கொடுப்பதாக இருந்தால் நான் அவர்களுக்குத்தான் கொடுப்பேன்.

டிஜிட்டல் எடிஷன் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்லிம் மாடலுக்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். அதைக் கன்சோலோடு இணைக்க முதல் தடவை நெட் கட்டாயம், அதனால் மாட்டுகிற வேலையைத் தள்ளிப்போடாமல் இப்போதே முடித்துவிடுங்கள். ஆன்லைனில் மட்டுமே ஆடும் கேம்களை நானும் டிஜிட்டலில்தான் வாங்குகிறேன், சர்வர் போனால் டிஸ்க்கும் போய்விடும் என்ற பிறகு கூடுதல் விலை எதற்கு. கதையுள்ள, தனியாக ஆடும், பத்து வருஷம் கழித்து மறுபடி தொடங்கத் தோன்றும் கேம் என்றால் டிஸ்க்தான்.