நாற்பது வாட் பல்பும் ஐந்து குளிர்காலமும்

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்த புதிதில், அலுவலகத்தில் ஒருவர் நீட்டிய காகிதப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கருஞ்சிவப்பாக, இழைத்த மரச்சீவல் போல இருந்தது. மென்றதும் முதலில் வந்தது மல்லி வாசனை. குழம்புப்பொடிக்கு வறுக்கும்போது வீடு முழுக்கப் பரவுமே, அதே வாசனை. அடுத்துப் புளிப்பு, பிறகு உப்பு, கடைசியில்தான் கறி. பில்டாங் என்றார்கள், உப்பும் வினிகரும் மல்லியும் பிசறி உலர்த்திய கறி. தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் பங்க் முதல் ரக்பி மைதானம் வரை கடலை கொறிப்பதுபோல் கொறிக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் உப்புக்கண்டம் தின்று வளர்ந்தவன் நான். இதிலே என்ன பெரிய வித்தை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இரண்டு கிலோ கறியைப் பாழாக்கியது.

2021 மே மாதம், பில்டாங்கை வீட்டிலேயே உலர்த்த ஒரு பெட்டியை வாங்கினேன். பெட்டி என்று சொன்னால் ஏதோ இயந்திரம் என்று எண்ண வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அடியில் நாற்பது வாட் குண்டு பல்பு. மூடியில் ஒரு சின்ன விசிறி. மேலே குறுக்காக நான்கு குச்சிகள், கறியை மாட்ட வளைத்த கம்பிக் கொக்கிகள், கீழ்ப்பக்கச் சுவரில் காற்று நுழைய வரிசையாகத் துளைகள். அவ்வளவுதான். கைவேலை தெரிந்தவர்கள் அட்டைப்பெட்டியிலேயே செய்துவிடுகிறார்கள். எனக்குக் கைவேலை தெரியாது, காசு கொடுத்தேன்.

முதல் ஈடு போட்டபோது என் தலைக்குள் இருந்தது மொட்டைமாடி வெயில். உப்புக்கண்டத்துக்குக் கறியைக் கோத்து, கொளுத்தும் வெயிலில் காக்கைக்குக் காவல் இருந்து சுக்காகக் காயவிடுவோம். வெயில் ஏற ஏற நல்லது. அதே கணக்கில் நாற்பது வாட் பல்பைக் கழற்றிவிட்டு அறுபது வாட் போட்டேன். சூடு வெளியேறக் கூடாது என்று துளைகளில் பாதியை டேப் ஒட்டி அடைத்தேன். மூன்றாம் நாள் கறி வெளியே மரப்பட்டைபோல் இறுகியிருந்தது. மகிழ்ச்சியோடு வெட்டினால் உள்ளே ஊதா நிறத்தில் பிசுபிசுப்பு, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம். மேல்தோல் வேகமாகக் காய்ந்து இறுகிவிட்டதால் உள்ளிருந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போயிருக்கிறது. மொத்தத்தையும் குப்பையில் போட்டேன்.

பக்கத்து வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்த மொழியில் மாமா முறைக்கு ‘ஊம்’ என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவரிடம் பெட்டியே கிடையாது. இங்கே குளிர்காலமான ஜூன் பிறந்தால் கார் ஷெட்டின் உத்திரத்தில் கறியைத் தொங்கவிட்டு, கொசுவலை சுற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்துவிடுவார். என் பெட்டியைத் திறந்து பார்த்தவர் டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். “கறியைக் காய வைப்பது சூடு இல்லை தம்பி, காற்று. பல்பு அந்தக் காற்றை மேலே தள்ளத்தான்” என்றார். தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு.

அவர் சொன்னது சரி. பல்பு காற்றைச் சற்றே சூடாக்குகிறது. சூடான காற்றில் ஈரப்பதத்தின் விகிதம் குறைகிறது. அது மேலெழும்போது கறியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு மூடி வழியாகப் போகிறது. என் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்ததில் அறையைவிடப் பத்து டிகிரி அளவுக்குத்தான் கூடுகிறது. ஜூலை இரவில் அறை 12 என்றால் பெட்டி 22. இங்கே கறி வேகக் கூடாது. அமெரிக்க ஜெர்க்கியோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அதை மெல்லிய பட்டையாக அரிந்து சூட்டில் உலர்த்துகிறார்கள். பில்டாங் கனமான துண்டாகவே தொங்கும், சமைக்கப்படுவதே இல்லை. உப்பும் வினிகரும் உலர்ச்சியும்தான் அதற்குக் காவல். உப்புக்கண்டத்தையாவது எண்ணெயில் பொரித்துத் தின்கிறோம். இதை அப்படியே வாயில் போடுகிறோம். அதனால் எங்கள் வீட்டில் பன்றிக்கறியிலும் கோழியிலும் நான் இதைச் செய்வதில்லை. கர்ப்பிணிகள் யாராவது வந்திருந்தால் தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

இப்போது என் செய்முறை இதுதான். சில்வர்சைடு என்று கேட்டால் மாட்டின் பின்தொடைக் கறி கிடைக்கும். டச்சு மொழியில் ‘பில்’ என்றால் பிட்டம், ‘டாங்’ என்றால் நாக்கு அல்லது பட்டை. பெயரிலேயே வெட்ட வேண்டிய இடம் இருக்கிறது. ஜவ்வை நீக்கி, நார் ஓடும் திசையிலேயே இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு நீளவாக்கில் அரிகிறேன். இரண்டு கிலோவுக்கு உப்பு 45 கிராம், வினிகர் 100 மில்லி, மல்லி 25 கிராம், மிளகு எட்டு கிராம், நாட்டுச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி. உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள். சமையலில் நானும் கைக்கணக்குக்காரன்தான். ஆனால் இங்கே கறி பாதியாகச் சுருங்கும்போது உப்பு இரட்டிப்பாக உறைக்கும், குறைந்தாலோ கெட்டுப்போகும். தராசு இல்லாதவர்கள் பெட்டிக்கு முன்னால் தராசு வாங்குங்கள்.

மல்லியை வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டு, ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்சியில் மாவாக அரைத்தால் கறியின் மேல் சேறுபோல் அப்பிக்கொண்டு காற்றைத் தடுக்கிறது. சிற்றுரலில் நாலு இடி போதும். உடைந்த மல்லி, பாதி மல்லி, தூள் எல்லாம் கலந்து கிடக்க வேண்டும். பிசறி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு ஊறவிட்டு, வினிகரை உதறித் துடைத்து மாட்டுகிறேன். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சின்னச் சீட்டு, அதில் மாட்டும்போது இருந்த எடை. 412 கிராம் என்று எழுதிய துண்டு 206 ஆகும்போது இறங்கிவிடும். குளிர்காலத்தில் இதற்கு ஐந்து நாள் ஆகிறது. அமுக்கிப் பார்த்து அறிவேன் என்கிறவர்களை நம்பவில்லை. ஊம் மட்டும் விதிவிலக்கு.

பெட்டியைப் பற்றிக் குறைகள் நிறைய உண்டு. நான்கு கிலோ கொள்ளும் என்று அச்சிட்டிருந்தார்கள். நான்கு கிலோ நுழையும், காயாது. துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. இரண்டரைக் கிலோவுக்கு மேல் நான் மாட்டுவதில்லை. முதல் நாள் கறியிலிருந்து சொட்டும் நீர் நேராகப் பல்பின் மேல் விழும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு நள்ளிரவில் பல்பு வெடித்து, கண்ணாடிச் சில்லு கீழ்த்துண்டுகளில் ஏறிவிட்டது. அந்த ஈடும் குப்பைக்கே போனது. பிறகு பல்பின் மேல் ஒரு தகரத்தட்டைக் கூரைபோல் வைத்தேன். துளைகளுக்கு வலை கிடையாது. ஈ நுழைந்தால் கதை முடிந்தது என்பதால் நைலான் வலை ஒட்டினேன். கொக்கிகள் உப்பிலும் வினிகரிலும் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன, எவர்சில்வர் கொக்கிகள் மாற்றினேன். விசிறி ஒன்றரை ஆண்டில் நின்றுபோனது. பழைய கணினியிலிருந்து கழற்றிய விசிறி இன்றுவரை ஓடுகிறது. பல்பு போனால் எல்இடி பல்பை மாட்டிவிடாதீர்கள், வெளிச்சம் வரும், சூடு வராது. ஆக, நான் வாங்கிய பெட்டியில் மிச்சமிருப்பது பிளாஸ்டிக் சுவர் மட்டும்தான்.

ஊரின் பருவத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம்தான் வறண்ட காலம்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உதடு வெடிக்கும். கோடையில்தான் பிற்பகல் இடியும் மழையும். 2023 ஜனவரியில் மழையோடு மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. லோட் ஷெடிங் என்று நேர அட்டவணை போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட நிறுத்திய நாட்கள் அவை. விசிறி நின்ற ஈரப் பெட்டிக்குள் நான்காம் நாள் பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. உப்புப் பூப்பதும் உண்டு. ஈர விரலால் தொட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை பஞ்சுபோல் நிற்கும். லேசான வெள்ளைப் பூஞ்சையை வினிகரில் துடைத்துவிட்டுத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். பச்சையும் கறுப்பும் வந்தால் யோசிக்கவே கூடாது. அன்றிலிருந்து டிசம்பர், ஜனவரியில் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

டர்பனில் ஒரு நண்பர் இருக்கிறார். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததில் தொடங்கும் ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றில் வந்த குடும்பம். கடலோர ஈரக்காற்றில் அவருக்கு ஆண்டு முழுவதும் என் ஜனவரி மாதிரிதான். விரல் கனத்துக்கு மேல் அரிவதில்லை, விசிறியை நிறுத்துவதே இல்லை. மாட்டிறைச்சி தொடாத வீடு என்பதால் அவர் போடுவது ஸ்பிரிங்பாக் என்ற மானின் கறி. மிளகாய்த்தூளைத் தாராளமாகப் பிசறியிருப்பார். கொழுப்பே இல்லாத கறி என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். எடை பாதியாவதற்குள்ளேயே இறக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

செலவுக் கணக்கும் கேட்பீர்கள். நாற்பது வாட் பல்பு ஐந்து நாள் எரிந்தால் 4.8 யூனிட், விசிறியோடு ஐந்தரைக்குள் முடியும். இரண்டு கிலோ கறி ஒரு கிலோவாகிறது, ஆகவே கறி விலையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் கடை விலையைவிடக் குறைவாகவே எனக்கு வருகிறது, குப்பையில் போட்டதைக் கணக்கில் சேர்க்காவிட்டால். காகிதப் பையில் ஒரு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து நாறும். மிச்சத்தை ஃப்ரீசரில் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு அம்மா வந்திருந்தார். தொலைபேசியில் ஆண்டுக்கணக்காக “பல்பு வெளிச்சத்தில் கறி காயுமாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர். ஸ்பிரிங்பாக் துண்டு ஒன்றை அரிந்து கொடுத்தேன். மான் கறி என்றதும் கையை இழுத்துக்கொண்டு, “போலீஸ் பிடிக்காதா?” என்றார். இங்கே பண்ணைகளிலிருந்து முறைப்படி கடைக்கு வருகிறது என்று விளக்கினேன். ஒரு துண்டு மென்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, அரைக்கிலோ பில்டாங்கைச் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு நல்லெண்ணெயில் வறுத்து வைத்திருந்தார். வினிகர் வாசம் போகவில்லை என்பது ஒன்றுதான் அவர் சொன்ன குறை. ஊம் அதில் இரண்டு கரண்டி வாங்கிப் போனார்.