படிவமா, நேர்காணலா? பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரருக்கு

மதியச் சாப்பாட்டை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள். வாங்குவார்களா என்று அறிய ஊருக்கெல்லாம் கேள்விப் படிவம் அனுப்புவதா, சிலரோடு உட்கார்ந்து பேசுவதா?

செலவு
படிவம்: கூகுளில் இலவசம். ஆள் சேர்ப்பதுதான் பாடு.
நேர்காணல்: நேரத்தைத் தின்னும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கவே நாலைந்து மணி நேரம் ஆகலாம்.

எத்தனை பேர்
படிவம்: எத்தனை சதவீதம் பேர் வாங்குவார்கள் என்பதை 95% நம்பகத்தோடு (இப்படி நூறு முறை கேட்டால் சுமார் 95 முறை சரியாக வரும்), கூடக்குறைய 5% பிழைக்குள் சொல்ல சுமார் 385 பேர் வேண்டும். அதுவும் குலுக்கல் முறையில் எடுத்தவர்கள். குடும்பக் குழுவில் சுற்றவிட்டு 1,000 பதில் வந்தாலும் அது கணக்கில் சேராது.
நேர்காணல்: புது விஷயம் வருவது நின்றால் போதும். ஆனால் பன்னிரண்டில் ஒன்பது பேர் சரி என்றதை "75%" என்று கடன் கேட்டு வங்கிக்கு எழுதிவிடாதீர்கள்; இவ்வளவு சிலரை வைத்துச் சதவீதம் சொல்ல முடியாது!

உண்மை
படிவம்: பெயர் கேட்காவிட்டால் 'விலை அதிகம்' என்று கூசாமல் எழுதுவார்கள். ஏன் என்று திருப்பிக் கேட்க முடியாது.
நேர்காணல்: முகத்துக்கு நேரே "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதனால் கருத்தைக் கேட்காதீர்கள். நேற்று மதியம் எங்கே சாப்பிட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சாப்பாட்டு விலை 8 ரிங்கிட்டா, 10 ரிங்கிட்டா என்ற கேள்விக்குப் படிவம். வாடிக்கையாளர் ஏன் குறைகிறார்கள் என்பதற்குப் பேச்சு. இரண்டுக்கும் நேரமிருந்தால் பேச்சு முதலில்; படிவத்தில் என்ன கேட்பது என்பது அப்புறம்தான் தெரியும்.